இரவல் போன தோல்வி

என் தம்பிக்கு வேலை கிடைப்பதற்கு முன்பே, வேலை தேடுகிறவர்களைத் தயார்ப்படுத்தும் வேலை கிடைத்துவிட்டது. சம்பளம்தான் கிடையாது. டீ கூட அவன்தான் வாங்கிக் கொடுப்பான்.

அவன் வணிகவியல் படித்துக்கொண்டிருந்தான், கடைசி ஆண்டு. அந்தப் படிப்பில் இன்டர்வியூ பருவம் என்று ஒன்று வரும். வங்கிகளும் முதலீட்டு நிறுவனங்களும் சில மாதப் பயிற்சிக்குப் பிள்ளைகளை எடுப்பார்கள். இன்டர்ன்ஷிப் என்று பெயர். பயிற்சியில் யாரைப் பிடித்துப்போகிறதோ அவர்களைத்தான் அப்புறம் வேலைக்கும் வைத்துக்கொள்வார்கள். நேராகப் போய் வேலை கேட்டால் வாசலில் இருக்கும் காவலாளியைத் தாண்ட முடியாது.

பருவம் வந்துவிட்டால் இந்தப் பிள்ளைகள் பேசும் பேச்சே மாறிவிடும். எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அம்மா சொன்னால், "இதை ஒரு வாய்ப்பாப் பாக்கணும்மா" என்பான் தம்பி. அம்மா வாளியை அவன் கையில் திணித்து, "அப்ப அந்த வாய்ப்பைக் கீழ் மாடியிலேர்ந்து தூக்கிட்டு வா" என்பாள்.

நான் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறவள். பகல் முழுக்க வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்களோடு பொழுது போகும். வீட்டுக்கு வந்தால் வாயை மூடத் தெரியாத ஒருவன் எனக்காகக் காத்திருப்பான். சாப்பாட்டு மேசையின் அந்தப் பக்கம் என்னை உட்கார வைத்து, ஒரு தாளைக் கொடுத்து, "நீதான் பேனல், கேள்வி கேக்கறவ. முகத்தைக் கடுகடுன்னு வெச்சுக்கோ" என்பான். முகத்துக்குத் தனியாக முயற்சி எதுவும் தேவைப்படவில்லை.

"ஒரு நகரத்துல எத்தனை முடிவெட்டுற கடை இருக்கும்?" என்று தாளைப் பார்த்துக் கேட்பேன்.

அவன் உடனே மக்கள்தொகையில் ஆரம்பிப்பான். அதில் பாதியை ஆண்கள் என்பான், அவர்களில் வழுக்கையைக் கழிப்பான், மிச்சமிருப்பவர்கள் மாதம் ஒருமுறை வெட்டிக்கொள்கிறார்கள் என்பான். ஒரு தலைக்கு எவ்வளவு நேரம், ஒரு கடைக்கு எத்தனை நாற்காலி என்று பெருக்கி வகுத்து ஒரு எண்ணைச் சொல்வான். அது சரியா தப்பா என்று கேட்டால், "அது முக்கியமில்லக்கா, எப்படி யோசிச்சோம்கிறதுதான் முக்கியம்" என்பான். இந்த நியாயம் எங்கள் கிளினிக்கில் செல்லாது. தப்பான பல்லைப் பிடுங்கிவிட்டு எப்படி யோசித்தோம் என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

எனக்குச் சலித்துப்போகும் நாட்களில் அம்மாவை உட்கார வைப்பான். பேருந்து நிலையத்துக்கு எதிரில் குடை, பை, மழைக்கோட்டு விற்கிற கடை அம்மாவுடையது. அப்பா போன பிறகு அந்தக் கடைதான் எங்களை வளர்த்தது. வந்த ஆள் வாங்குவாரா, விலை கேட்டுவிட்டுப் போய்விடுவாரா என்று அவர் செருப்பைப் பார்த்தே சொல்லிவிடுவாள். ஆனால் பேனலாக உட்கார்ந்தால் அம்மா ரொம்ப மோசம்.

"எங்க கம்பெனியில ஏன் சேரணும்னு நினைக்கிற?"

தம்பி மூச்சு விடாமல் பேசுவான். நீண்டகால நோக்கு, மதிப்பு உருவாக்கம், பன்முகச் சூழல் என்று அடுக்குவான். அம்மா கன்னத்தில் கைவைத்துக் கேட்டுவிட்டு, "சரிப்பா, எடுத்துக்கிட்டேன். நாளைக்கே வந்துடு" என்பாள்.

"அம்மா, அப்படி உடனே எடுக்கக் கூடாதும்மா."

"ஏன், நல்லாத்தானே பேசுற?"

அவனுடைய சிக்கலே அதுதான். நன்றாகப் பேசுவான், ஆனால் அடுத்தவனுக்காக. கல்லூரிக் கேன்டீனில் ஒரு மூலை மேசை அவனுக்கென்றே ஆகிவிட்டது. யாருக்கு எந்த இன்டர்வியூ என்றாலும் முந்தின நாள் அங்கே வந்து உட்கார்வார்கள். எப்படிக் கை குலுக்குவது, எப்போது சிரிப்பது, தெரியாத கேள்வி வந்தால் தண்ணீர் டம்ளரை எப்படி மெதுவாக எடுப்பது என்று கண்ணும் கருத்துமாகச் சொல்லிக் கொடுப்பான். அவனிடம் பயிற்சி எடுத்தவர்கள் வரிசையாகப் போய் வரிசையாகத் தேறினார்கள்.

அவன் மட்டும் தேறவில்லை. ஒரு வங்கியில் தேய்மானம் பற்றி ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார். இவன், "நல்ல கேள்வி சார். ஆனா இன்னும் கொஞ்சம் சுருக்கமாக் கேக்கலாம்" என்று அவருக்கே திருத்தம் சொல்லியிருக்கிறான். கேன்டீன் பழக்கம். இன்னொரு இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் பதில் தெரியாமல் தடுமாறியபோது இவன் கண்ணாலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறான். அந்தப் பையன் தேறிவிட்டான்.

இப்படியே ஒவ்வொரு இடமாகக் கையை விரிக்க, பருவத்தில் ஒரே ஒரு நிறுவனம்தான் மிச்சம் இருந்தது. அம்மா ஏற்கெனவே தன் தம்பியிடம், அதாவது எங்கள் மாமாவிடம், வாக்குக் கொடுத்துவிட்டாள். மாமாவுக்குப் பார்சல் கிடங்கு இருக்கிறது. இந்த முறையும் கிடைக்காவிட்டால் அடுத்த திங்கள்கிழமையிலிருந்து மாலை வேளைகளில் அங்கே போவது, படிப்பு முடிந்ததும் அங்கேயே இருந்துவிடுவது என்று ஏற்பாடு. மாமா நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் கிடங்குக்குள் போனவர்கள் யாரும் வேறு வேலைக்குப் போனதாக எனக்கு நினைவில்லை. தம்பி அந்த ஏற்பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பேச்சு நிற்காதவன் அதைப் பற்றி மட்டும் பேசாததிலிருந்தே எனக்குப் புரிந்தது.

மிச்சமிருந்த அந்த நிறுவனம் ஒரே ஒரு கேள்விக்குப் பேர்போனது. "உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒரு தோல்வியைச் சொல்லுங்கள்." மற்ற இடங்களில் இதைக் கடைசியில் ஒப்புக்குக் கேட்பார்கள். இங்கே இதற்குத்தான் மார்க்கே.

இந்தக் கேள்வி அந்தப் பிள்ளைகளை எப்படிப் பாடாய்ப் படுத்தும் என்று வெளியாட்களுக்குத் தெரியாது. பாவம், அவர்களில் பலர் வாழ்க்கையில் தோற்றதே இல்லை. நடக்கக் கற்றதிலிருந்து கோப்பை வாங்கியவர்கள். ஒரு நல்ல தோல்விக்கு எங்கே போவார்கள்? அதனால் அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. தோல்வியை இரவல் வாங்குவது. அண்ணன் கடையில் தோற்றதை, அத்தை மகன் ஓட்டப் பந்தயத்தில் விழுந்ததை எல்லாம் தனதாக்கிக்கொண்டு போவார்கள். நல்ல தோல்விக்கு நல்ல கிராக்கி. எங்கள் வீட்டில் அந்தச் சரக்குக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. அதிலும் என் தம்பி கைவசம் வைத்திருந்த தோல்வி அந்தக் கல்லூரிக்கே பெருமை.

இரண்டாம் ஆண்டில் நடந்தது அது. கல்லூரி வாசலுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவே பெரிய வெட்டவெளி. மழை வந்தால் எல்லோரும் தொப்பலாக நனைவார்கள். அம்மாவின் கடையில் அரக்கு நிறத்தில் வெள்ளைக் கரை வைத்த குடைகள் ஓர் அலமாரி நிறைய விலைபோகாமல் கிடந்தன. நல்ல கம்பி, கெட்டித் துணி. நிறம்தான் யாருக்கும் பிடிக்கவில்லை. தம்பி அம்மாவை நச்சரித்து எல்லாவற்றையும் கல்லூரிக்கு அள்ளிக்கொண்டு போனான். நூலக வாசலில் ஒரு பீப்பாய், பஸ் நிறுத்தத்து டீக்கடையில் ஒரு பீப்பாய். இங்கே எடுத்துக்கொண்டு போய் அங்கே போட வேண்டும். ஒரு தடவைக்குச் சில்லறை வாடகை.

தூறல் போடும் நாட்களில் திட்டம் பிரமாதமாக நடந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்ப மாட்டார்கள், அதனால் கொஞ்சம் குடைகளை வைத்தே நிறையப் பேரைச் சமாளிக்கலாம் என்பதுதான் அவன் கணக்கு. ஒரு நாள் தேர்வு முடிந்து எல்லோரும் வெளியே வரும் நேரம் பார்த்து வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஒரே நேரத்தில் அத்தனை பேரும் பீப்பாயில் கைவிட்டார்கள். எடுத்தவர்கள் அப்படியே பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார்கள். மறுநாள் நல்ல வெயில். வெயிலில் குடையைத் திருப்பிக் கொடுக்க யாருக்கு ஞாபகம் வரும்? அடுத்த மழைக்குப் பீப்பாயைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள், குடை இல்லை. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அம்மா கடையில் அந்த அலமாரி இன்றுவரை காலி. அன்றிலிருந்து கல்லூரியில் அவனுக்குக் குடைக்காரன் என்று பெயர்.

நிதித்துறைக்காரர்களுக்கு இந்தக் கதையைச் சொன்னால் ஏன் உச்சி குளிர்கிறது என்று அவனே எனக்கு விளக்கினான். வங்கியும் இப்படித்தானாம். எல்லோரும் ஒரே நாளில் வந்து பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறதாம். "யாரும் புத்தகத்துல படிச்சுச் சொல்லலக்கா. நான் பீப்பாய் பக்கத்துலயே நின்னுருக்கேன்" என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை.

அந்தப் பெருமையோடு நிறுத்தியிருக்கலாம். யார் வந்து கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாத பிறவி அவன். கேன்டீன் மேசைக்கு முதலில் வந்தவன் டைக்காரன். சோறு சாப்பிடும்போதும் டையை அவிழ்க்காதவன் என்பதால் அந்தப் பெயர். அடுத்து வந்தவள், வாயைத் திறந்தாலே சதவீதத்தில் பேசுகிற புள்ளிவிவரம். அப்புறம் வகுப்புத் தலைவர். மூன்று பேரும் தோற்றே பழக்கமில்லாதவர்கள். மூன்று பேருக்கும் வேறு வேறு நிறுவனங்களில் இன்டர்வியூ. தம்பி குடைக் கதையை மூன்று பேருக்கும் கொடுத்தான்.

சும்மா கொடுக்கவில்லை, இஸ்திரி போட்டுக் கொடுத்தான். "தோத்ததோட நிறுத்தினா மார்க் விழாது. எழுந்து நின்னதையும் சொல்லணும்" என்று கதைக்கு ஒரு நல்ல முடிவு வைத்தான். அதன்படி, கதாநாயகன் சோர்ந்து போகாமல் முன்பணம் வாங்கும் முறையைக் கொண்டுவருகிறான். குடைகள் எல்லாம் திரும்பி வருகின்றன. திட்டம் லாபத்தில் முடிகிறது. சிந்திக்கிற பாவனையில் இரண்டு நொடி நிறுத்தி, "அன்றைக்கு ஆபத்தைக் கையாளக் கற்றுக்கொண்டேன்" என்று முடிக்க வேண்டும். அந்த இரண்டு நொடி நிறுத்தத்தை மட்டும் டைக்காரனுக்கு ஒரு சாயங்காலம் முழுக்கச் சொல்லிக் கொடுத்தானாம்.

போன இடங்களில் மூவரும் வெளுத்து வாங்கினார்கள். ஆனாலும் இவர்களுக்கு ஒரு இடம் போதாது. கையில் ஒன்றை வைத்துக்கொண்டே இன்னும் நல்லதாக ஒன்று தேடுவார்கள். கடைசி நிறுவனத்துக்கும் மூன்று பேரும் விண்ணப்பித்திருந்தார்கள். தம்பிக்கு அப்போதுதான் கொஞ்சம் உறைத்தது. கேன்டீனில் மூவரையும் உட்கார வைத்து, "இந்தக் கம்பெனிக்கு மட்டும் குடையைத் தொடாதீங்க. இங்க அது எனக்கு வேணும்" என்றான்.

"சேச்சே, உன் கதைடா அது" என்றான் டைக்காரன். புள்ளிவிவரம் நூறு சதவீதம் சத்தியம் செய்தாள். தலைவர் எல்லோர் சார்பிலும் உறுதி அளித்தார்.

"நம்புறியா?" என்று நான் கேட்டேன்.

"ஆளாளுக்கு வேற கதை எழுதிக் குடுத்துட்டேன்க்கா" என்றான். கேட்டதும் எனக்கு அவன் தலையில் நறுக்கென்று குட்ட வேண்டும் போலிருந்தது.

இன்டர்வியூவுக்குக் கோட்டு வேண்டும். எங்கள் டாக்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். தன் கல்யாணக் கோட்டையே எடுத்துக் கொடுத்தார். கை கொஞ்சம் நீளம், தோளும் கொஞ்சம் அகலம். கிளினிக் அலமாரியில் கிடந்ததால் கிராம்பு எண்ணெய் வாசனை வேறு. அம்மா அதை வெயிலில் காயப்போட்டு, கையை உள்பக்கமாக மடித்துத் தைத்தாள். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றவனைப் பார்த்தபோது, கிண்டல் பண்ண வாயெடுத்த நான் பண்ணவில்லை. நிஜமாகவே அவனுக்கு இது கிடைக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

அன்றைக்கு நடந்ததை அவனே பிறகு சொன்னான். கண்ணாடிக் கட்டடம். பிளாஸ்டிக் செடிகள். வரவேற்பறைச் சுவரில் ஆள் உயர எழுத்துகளில், "இங்கே தோல்வியைக் கொண்டாடுகிறோம்." அதன் கீழே, யாரையெல்லாம் எடுக்கவில்லை என்று சாயங்காலம் சொல்லப்போகிற பெண் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் உள்ளே போகும் முறை இவனுக்குத்தான் வந்திருக்கிறது. டைக்காரன் வந்து, "மச்சான், காத்திருந்தா எனக்கு எல்லாம் மறந்துரும்டா. நான் முன்னாடி போயிடட்டுமா?" என்றானாம். இவன் சரி என்றான். பிறகு புள்ளிவிவரமும் அதையே கேட்டாள். அவளையும் விட்டான். தலைவர் பதற்றத்தைக் காட்டிக்கொள்ளாமல் கேட்டார். அவரையும் விட்டான். உள்ளே போன ஒவ்வொருவருக்கும் கதவு வரை போய்க் காலரைச் சரிசெய்து அனுப்பிவிட்டு, கடைசியாக இவன் போனான்.

உள்ளே மூன்று பேர். நடுவில் வெள்ளை மீசைக்காரர், ஒரு பக்கம் போனிலிருந்து கண்ணை எடுக்காத ஒருவர், இன்னொரு பக்கம் கண்ணாடி போட்ட ஓர் அம்மா. தேய்மானம் கேட்டார்கள், சொன்னான். முடிவெட்டும் கடைகளைக் கேட்டார்கள், வழுக்கையைக் கழித்துச் சொன்னான். யாருக்கும் திருத்தம் சொல்லவில்லை. மீசைக்காரர் தலையாட்டினார். எல்லாம் நன்றாகவே போயிருக்கிறது.

"ஒரு தோல்வியைச் சொல்லுங்க."

"நான் செகண்ட் இயர் படிக்கும்போது சார், காலேஜ்ல குடை வாடகைக்கு விட்டேன்."

போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் முதல்முறையாக நிமிர்ந்தார். மீசைக்காரர் பேனாவை மூடினார்.

"அரக்குக் கலர் குடையா?" என்றார்.

"ஆமா சார்."

"வெள்ளைக் கரை?"

"ஆமா சார்."

"தம்பி, காலையிலேர்ந்து இந்தக் குடை நாலாவது தடவையா உள்ள வருது."

இவனுக்கு முன்னே போன மூன்று பேரும் குடைக் கதையையே சொல்லியிருந்தார்கள். தனித்தனியாக, தான் ஒருவர் எடுத்தால் என்ன ஆகிவிடும் என்று நினைத்து. பிறகு மூன்று பேரும் சொன்ன சமாதானம் ஒன்றேதான், "அவசரத்துல வாயில அதுதான் வந்துச்சு." மீசைக்காரர் கேட்ட முதல் கதை டைக்காரனுடையது. அதனால் அவர் கணக்குப்படி டைக்காரன்தான் நிஜம், மற்றவர்கள் காப்பி.

"சார், அது என் கதை சார். குடை எங்க அம்மா கடையோடது."

"சரி, நீங்களும் சொல்லுங்க. கேப்போம்" என்றார் கண்ணாடி போட்ட அந்த அம்மா.

சொன்னான். ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவன், தன் கதையை அன்றைக்குப் படுமோசமாகச் சொன்னான். எந்த டீக்கடை, பீப்பாய் எங்கே வாங்கியது, அதில் முன்னே என்ன எண்ணெய் இருந்தது, குடைத் துணியில் அந்த வாசனை எப்படி ஏறியது என்றெல்லாம் போயிருக்கிறான். இரண்டு நொடி நிறுத்தம் எங்கேயோ தவறிப்போனது.

"அப்புறம்? குடையெல்லாம் எப்படித் திரும்ப வந்துச்சு?" என்றார் மீசைக்காரர்.

"வரல சார்."

"முன்பணம் வாங்கல?"

"அதுக்குக் குடையே இல்ல சார்."

"அப்ப என்ன கத்துக்கிட்டீங்க?"

இந்த இடத்தில் சொல்ல வேண்டியதை எழுதியவனே இவன்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். "ஏன்டா சொல்லல?" என்று நான் பிறகு உலுக்கியபோது, "அந்த அலமாரி இன்னும் காலியாத்தானேக்கா இருக்கு. வாய் வரல" என்றான்.

அங்கே அவன் சொன்னது வேறு. கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த மூன்று பேரையும் நினைத்துக்கொண்டு, "ஒண்ணும் கத்துக்கலன்னுதான் சார் தோணுது. அதேதான் இன்னைக்கும் நடந்துருக்கு" என்றானாம். போன்காரர் சிரித்துவிட்டார். அந்த அம்மா மட்டும் சிரிக்காமல் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறார். பார்த்ததோடு சரி.

"அடுத்தவங்க கதையை எடுக்கறதுன்னா அதை ஒழுங்காவாவது சொல்லணும்" என்றார் மீசைக்காரர். "நாலு பேர்ல நீங்கதான் ரொம்ப சுமாராச் சொன்னீங்க. அந்த டை கட்டின பையன் நிஜமாவே அனுபவிச்ச மாதிரி சொன்னான்."

சாயங்காலம் வரவேற்பறைப் பெண் எழுந்து நின்று சொன்னது ஒரே ஒரு பெயர். டைக்காரனை அந்தச் சுவருக்கு முன்னாலேயே நிறுத்திப் படமும் எடுத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு மழை. கதவு திறந்ததும் அவன் முகத்திலேயே எனக்கும் அம்மாவுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. என் கண் கோட்டுக்குப் போயிற்று. டாக்டர் கோட்டு வலது பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. இடது பக்கம் காய்ந்திருந்தது.

"என்னடா, ஒரு பக்கம் மட்டும் நனைஞ்சுருக்கு?"

"பஸ் ஸ்டாப் வரைக்கும் டைக்காரன் குடையில வந்தேன்க்கா. ரெண்டு பேருக்கு இடம் பத்தல."

"அவன்கிட்ட ஏது குடை?"

அவன் கோட்டைக் கழற்றுவதில் மும்முரமானான். அம்மாவுக்கு அதற்குள் புரிந்துவிட்டது.

"அரக்கா?" என்றாள்.

"ம்."

"வெள்ளைக் கரை?"

"ஆமாம்மா."

எனக்கு வயிறு எரிந்தது. கதையை எடுத்தான், இடத்தை எடுத்தான், எங்கள் குடைக்குள்ளேயே என் தம்பியை விருந்தாளி மாதிரி அழைத்து வந்து பாதி நனைய விட்டிருக்கிறான். "பிடுங்கிட்டு வர்றதுதானே?" என்று கத்தினேன்.

"மழை பெய்யுதுக்கா. அவன் நனைவானில்ல?"

அம்மா கோட்டை வாங்கிப் பிழிந்துகொண்டே, "கம்பி துருப்பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. புதுசு மாதிரி இருக்கு."

"நான் சொன்னேன்ல, அது நல்ல சரக்கு" என்றாள் அம்மா. கோட்டைக் கொடியில் போட்டுவிட்டு வெகுநேரம் அதன் கையை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா போன் செய்து, நாளைக்குப் பழைய சட்டையாகப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார். தம்பி "சரி மாமா" என்றான். வைத்த கையோடு மறுபடியும் போன் அடித்தது. இந்த முறை டைக்காரன். பயிற்சி தொடங்கும் நாளில் எல்லோரும் எழுந்து தங்களைப் பற்றிப் பேச வேண்டுமாம். என்ன பேசுவது என்று கேட்கத்தான் கூப்பிட்டிருந்தான். என் தம்பியும், "முதல்ல நன்றி சொல்லிட்டு ஆரம்பி, ஆனா இழுக்காத" என்று சொல்லிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டான்.

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, போனைப் பிடுங்கினேன். அம்மாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"நான் அவன் அக்கா பேசுறேன். அதெல்லாம் அப்புறம் கத்துக்கலாம். முதல்ல அந்தக் குடையைக் கொண்டு வந்து குடு."

"எந்தக் குடைக்கா?"

"அரக்குக் கலர் குடை. வெள்ளைக் கரை போட்டது. நேத்து பிடிச்சுக்கிட்டு வந்தியே."

"ஓ, அதுவா" என்றான். குரலில் ஒரு பொய்யும் இல்லை, ஒரு தடுமாற்றமும் இல்லை. "அது என்னோட குடைக்கா. செகண்ட் இயர்ல நான் காலேஜ்ல குடை வாடகைக்கு விட்டேன்ல, அதுல மிச்சம் ஆனது." அப்புறம் சரியாக இரண்டு நொடி நிறுத்தினான். "அப்பதான்க்கா நான் ஆபத்தைக் கையாளவே கத்துக்கிட்டேன்."

அம்மா கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியின் முகத்தைத் திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பார்த்தேன். அவன் தலையைச் சாய்த்து, கேன்டீன் மேசையில் உட்கார்ந்து கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"பாத்தியாக்கா," என்றான் மெதுவாக, "அந்த நிறுத்தம் இப்ப சரியா வந்துடுச்சு."

மறுநாள் அவன் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு மாமா கிடங்குக்குப் போனான். மழை வரும்போல இருக்கிறது என்று அம்மா கடையிலிருந்து ஒரு குடையை எடுத்துக் கொடுத்தாள்.